பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம்: ஐந்தாம் தளத்துக்கு ஏறும் முன்

சேன் ஆற்றின் இடது கரையில் இருக்கும் ஓர்சே அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தவுடனேயே பலரும் ஐந்தாம் தளத்துக்கு ஏறிவிடுகிறார்கள். ஒரு கணத்தின் வெளிச்சத்தையும் தோற்றத்தையும் விரைவான தூரிகைத் தீற்றல்களில் பிடிக்க முயன்ற மோனே, ரெனுவார், தெகா ஆகிய இம்ப்ரெஷனிச ஓவியர்களின் புகழ்பெற்ற படங்கள் அங்கே இருப்பதே காரணம். முதல் முறை நானும் அப்படித்தான் சென்றேன். அழகிய படங்களைக் கண்ட நிறைவு கிடைத்தது. ஆனால் இந்த ஓவியர்களை அவர்கள் காலத்தவர் ஏன் அவ்வளவு கடுமையாக எதிர்த்தார்கள் என்பது விளங்கவில்லை. இரண்டாம் முறை தரைத்தளத்திலேயே அரை நாளைச் செலவிட்டபோதுதான் அதற்கு விடை கிடைத்தது. இந்த அருங்காட்சியகத்தின் பெருமை, வென்றவர்களின் படங்களோடு அவர்கள் எதிர்த்து நின்ற மரபையும் மறைக்காமல் மாட்டி வைத்திருப்பதில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

இதற்கு இரண்டு படங்களே போதுமான சான்று. ஒன்று, மரபுவழி ஓவியரான அலெக்சாந்தர் கபனெலின் ‘வீனஸின் பிறப்பு’. மற்றொன்று, இம்ப்ரெஷனிச ஓவியர்களுக்கு முன்னோடியான எதுவார் மானேயின் ‘ஒலிம்பியா’. இரண்டும் 1863இல் தீட்டப்பட்டவை; இரண்டிலும் ஆடையற்ற ஒரு பெண் படுத்திருக்கிறாள். ரோமானியப் புராணத்தின் காதல் தெய்வமான வீனஸ், கபனெலின் படத்தில் அலைமேல் மிதக்கிறாள், தலைக்கு மேல் குட்டித் தேவதைகள் பறக்கிறார்கள், தூரிகை பட்ட தடமே தெரியாதபடி அவளுடைய மேனி இழைக்கப்பட்டிருக்கிறது. அரசின் ஆதரவோடு நடந்த சலோன் கண்காட்சியில் அதற்குப் பாராட்டுக் குவிந்தது. பேரரசர் மூன்றாம் நெப்போலியனே அதை வாங்கிக்கொண்டார். மானேயின் பெண்ணோ தேவதை அல்லள். கழுத்தில் ஒரு கறுப்பு நாடா, காலடியில் ஒரு கறுப்புப் பூனை, பூங்கொத்தை நீட்டும் பணிப்பெண், இவற்றுக்கு நடுவே பார்ப்பவரை நேருக்கு நேர் நோக்கும் கண்கள். அவள் பாரிஸில் வாழும் ஒரு விலைமகள் என்பது அன்றைய பார்வையாளர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. 1865ஆம் ஆண்டு சலோனில் இந்தப் படம் வைக்கப்பட்டபோது எழுந்த கோபத்திலிருந்து காப்பாற்ற, அதை எட்டாத உயரத்துக்கு மாற்றி மாட்ட வேண்டியிருந்தது. ஆடையின்மை அவர்களுக்குச் சினமூட்டவில்லை, ஏனென்றால் கபனெலிடமும் அதுதான் இருந்தது. புராணத்தின் பெயரால் போர்த்தாமல் தங்கள் நகரத்தையே காட்டியதும், மென்மையான நிழல்களைக் கைவிட்டு வெளிச்சத்தைத் தட்டையாகப் பூசியதும்தான் அவர்களால் பொறுக்க முடியாதவையாக இருந்தன. மானே இறந்த பிறகு மோனே நன்கொடை திரட்டி, 1890இல் இப்படத்தை நாட்டுக்கு வழங்கினார்.

இந்த மோதலுக்கு முன்னோடியான குர்பேயின் ‘ஓர்னானில் ஓர் அடக்கம்’ என்ற படமும் இந்த அருங்காட்சியகத்துக்கு உரியதே. 6.6 மீட்டருக்கும் மேல் அகலமுள்ள துணியில், ஒரு சிற்றூரின் சாதாரண மனிதர்கள் ஏறத்தாழ ஆள் உயரத்தில் நிற்கிறார்கள். அரசர்களுக்கும் வரலாற்று நாயகர்களுக்கும் மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட அளவை ஒரு கிராமத்துச் சாவுக்கு அளித்ததே யதார்த்தவாதத்தின் துணிவு. அச்சுப் புத்தகத்தில் இந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருந்தும், அதன் முன்னே நின்ற பிறகே அந்தத் துணிவின் அளவை உணர்ந்தேன்.

கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விக்தோர் லலூ வடிவமைத்து, 1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகத் திறக்கப்பட்ட ரயில் நிலையம் இது. நீளமான ரயில்களுக்கு நடைமேடைகள் போதாமல் போனதால் 1939இல் தொலைதூரச் சேவை நின்றது. இடித்துவிட்டு ஓட்டல் கட்டும் திட்டத்திலிருந்து தப்பி, 1986இல் அருங்காட்சியகமாயிற்று. மோனே 1877இல் தீட்டிய ‘சேன்-லசார் ரயில் நிலையம்’ இங்கே இருப்பது எனக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டது. நகரத்து ஓவியர்களை ஆற்றங்கரைகளுக்குக் கொண்டு சென்றது ரயில். அவர்கள் வெளியிலேயே அமர்ந்து தீட்ட உதவியது, 1841இல் கண்டுபிடிக்கப்பட்ட உலோக வண்ணக் குழாய்.

இவற்றைப் பார்த்துவிட்டு மேலே ஏறினால், மங்கலான தூரிகைத் தீற்றல்கள் வெறும் அழகாகத் தெரியாது. மோனேயின் ரூவான் பேராலயப் படங்களில் ஐந்து இந்தத் தொகுப்பில் உள்ளன. கல் அதேதான், வெளிச்சம் மட்டும் மாறுகிறது. கையபோத்தின் ‘தரை இழைப்போர்’ படத்தின் முன் அதிக நேரம் நில்லுங்கள். 1875இல் சலோன் நிராகரித்த இந்த ஓவியத்தில், மூன்று தொழிலாளர்கள் மண்டியிட்டு மரத்தரையைச் சுரண்டுகிறார்கள். அவர்களுடைய முதுகின் மேல் சன்னல் வெளிச்சம் வழிகிறது.

ஐரோப்பியக் கலை முழுவதையும் இங்கே எதிர்பார்க்கக் கூடாது. தொகுப்பின் எல்லை 1848 முதல் 1914 வரைதான். மறுமலர்ச்சிக் காலத்துக்கு ஆற்றின் மறுகரையில் உள்ள லூவ்ருக்குச் செல்ல வேண்டும். இம்ப்ரெஷனிசத்துக்குப் பெயர் கொடுத்த மோனேயின் சூரிய உதயப் படமும் இங்கே இல்லை. அது பாரிஸிலேயே மார்மொத்தான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

திங்கட்கிழமை விடுமுறை. வியாழக்கிழமைகளில் இரவு 9.45 வரை திறந்திருப்பதால், அன்று பிற்பகலில் தரைத்தளத்தில் தொடங்கி, மாலையில் ஐந்தாம் தளத்தின் பெரிய கடிகாரக் கண்ணாடி வழியாக ஆற்றைப் பார்த்துவிட்டு, மோனேயிடம் செல்லும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளலாம்.