சுஜாதா தொடர்கதை பைண்டிங்: பெரம்பூர் பழைய புத்தகக் கடை

பெரம்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். மாடிப்படிக்குக் கீழே, பெயர்ப்பலகை இல்லாத கடை. சுஜாதாவின் புதுப் பதிப்புகள் எங்கும் கிடைக்கும். இங்கே வரவேண்டியது, வார இதழ்களிலிருந்து தாள் தாளாகப் பிரித்துத் தைத்த பைண்டிங்குகளுக்காக.

அவர் நாவல்கள் பலவும் வாராவாரம் வந்தவை. 1968இல் குமுதத்தில் 'நைலான் கயிறு'; எண்பதுகளில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா', பிறகு அதன் தொடர்ச்சியாக 'மீண்டும் ஜீனோ'. பிள்ளை பெறவே அரசாங்க அனுமதி வேண்டிய வருங்காலத்தை, பேசும் இயந்திர நாயை வைத்துச் சொன்ன கதை. அத்தியாயத்தை ஏன் அந்த இடத்தில் வெட்டினார் என்பது படமும் 'தொடரும்' என்ற சொல்லும் இருக்கும் தாளில்தான் பிடிபடும். எண்பதுகளின் இந்தத் தொடர்களைப் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதினார். வாக்குப்பதிவு இயந்திர வேலையிலும் பங்கு உண்டு. வேலை நேரம் போக எப்படி எழுதினாரோ!

வாங்கும்போது பக்க எண்ணை நம்பாதீர்கள். அது இதழின் எண், தாவித்தான் போகும். அத்தியாய எண்ணை ஒன்றிலிருந்து கடைசி வரை எண்ணுங்கள். நடுவில் ஒரு வாரம் இல்லாத வால்யூம்களையும் முழு விலைக்கே கொடுக்கிறார்கள், கேட்டால்தான் குறைப்பார்கள். இதழின் கம்பிப் பின்னை எடுக்காமல் தைத்திருந்தால் துரு தாளைத் தின்றிருக்கும், முதுகுப் பக்கம் விரித்துப் பாருங்கள். கீழ்த்தட்டைத் தொடவே வேண்டாம், மழைத்தண்ணீர் ஏறிய கறை.

தாள் கொண்டுபோனால் பைண்டிங்கும் செய்து தருகிறார்கள், வால்யூமுக்கு 300 ரூபாய், ஒரு வாரம். காலிக்கோ துணி முதுகு, கெட்டி அட்டை, வேலை நேர்த்திதான். ஆனால் சொல்லாவிட்டால் சொதப்பும். தனித்தாள் என்பதால் பக்கத் தையல்தான் போட முடியும். ஊசித் துளை ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டருக்குள் விழ வேண்டும். உள்ளே தள்ளினால் வரியின் முதல் எழுத்துகள் தையலுக்குள் போய்விடும். மூன்று பக்கமும் ஓரத்தைச் சமன்செய்யக் கத்தி போடாதீர்கள் என்று சொல்லுங்கள், இல்லையேல் கடைசி வரி போகும். மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்கச் சொல்லாவிட்டால், ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி.

ஃபெவிகால் மட்டும் தடவித் தருகிறேன் என்று ஒரு மலிவு வழியும் சொல்வார்கள். பழைய நியூஸ்பிரிண்டுக்கு அது ஆகாது. இரண்டு தடவை விரித்தால் தாள் தனித்தனியாகக் கையில் வரும்.

ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இல்லை.