புது டயர், புது ஷாக், அதே இடுப்பு வலி

மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போய் வர எனக்குத் தினமும் 50 கிலோமீட்டருக்குக் குறையாது. நம்ம பக்கத்து ரோட்டைப் பத்தி டெல்டாக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடியில களிமண்ணு. மழையில உப்பும், கோடையில வெடிக்கும். மேல எவ்வளவு தார் போட்டாலும் கொஞ்ச நாள்ல ரோடு அலை அலையா ஆயிடும். வாய்க்கால் கரை ரோடுன்னா ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கும். அறுவடை சமயத்துல மெஷின் உதறிட்டுப் போற சேறு வேற.

என் 100 சிசி வண்டிக்கு எட்டு வயசு. கொஞ்ச நாளா முன்சக்கரம் பள்ளத்துல இறங்குனா ‘டங்’னு இரும்பு மோதுற சத்தம். பிரேக்கைப் பிடிச்சா வண்டி மூக்கைக் குத்திக்கிட்டு இறங்கும். ராத்திரி படுத்தா இடுப்பு தனியாப் பேசும்.

ஒரு மெக்கானிக் கடைக்குப் போனேன். கடைப் பேரைக் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். சொன்னா அந்த ஒரு கடைக்கு மட்டும்தான் போகாம இருப்பீங்க. இதே வேலையைப் பாக்குற கடை ஊருக்கு நாலு இருக்கு.

சீட்டை ரெண்டு தடவை அமுக்கிப் பாத்தாரு. “ஷாக் ரெண்டும் போச்சு சார். பின் டயரும் மொட்டை. போர்க் ஆயில், சீல் எல்லாம் மாத்திடுறேன். அஞ்சு வருசத்துக்குத் தொட வேண்டாம்.” போர்க்னா முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ரெண்டு குழாய், சீல்னா அதுல இருக்கிற ஆயில் கசியாம அடைக்கிற ரப்பர் வளையம். டயர் மொட்டைங்கிறது உண்மைதான். அதனால மத்ததையும் நம்பிட்டேன். அவர் வேலை பாக்குற நேரம் பக்கத்து டீக்கடையில உக்காந்து போனை நோண்டிக்கிட்டு இருந்தேன். அது என் தப்பு. 5,300 ரூபா. பேரில்லாத துண்டுச் சீட்டு.

வீட்டுக்கு வர்றதுக்குள்ளயே தெரிஞ்சு போச்சு. முன்னாடி பள்ளம் மட்டும்தான் தூக்கிப் போடும். இப்ப ரோட்டுல கிடக்குற ஜல்லி ஒவ்வொண்ணையும் முதுகெலும்பு எண்ணுது. மறுநாள் போய்க் கேட்டா, “புது ஷாக் சார், 500 கிலோமீட்டர் ஓடுனா சாஃப்ட் ஆயிடும்.” 500 ஓட்டினேன். 1,000 ஓட்டினேன். நடுவுல ஒருநாள் ஈர ரோட்டுல பின்சக்கரம் வழுக்கி, பின்னாடி உக்காந்திருந்த வீட்டம்மா இறங்கி நடந்தே வர்றேன்னுட்டாங்க.

கூத்தாநல்லூர்கிட்ட ஒரு பஞ்சர் கடை. ஆணி ஏறி அங்க நிக்க வேண்டியதாப் போச்சு. பெரியவர் முன்சக்கரத்துல கேஜ் வச்சுப் பாத்துட்டு என்னைப் பாத்தாரு. “தம்பி, இது காத்து அடிச்சதா, கல்லு அடைச்சதா?” காத்து 40 பிஎஸ்ஐ இருந்துச்சு. என் வண்டி புத்தகத்துல தனியா ஓட்டுறதுக்குப் போட்டிருக்கிறது முன்னால 25, பின்னால 28. பின்னாடி ஆள் ஏறுனா பின்சக்கரத்துக்குக் கூட்டணும், அவ்வளவுதான். அவர் சொன்னதுதான் எனக்கு உறைச்சது: வண்டியோட முதல் ஸ்ப்ரிங்கே டயர்தான். பொடிக்கல்லு, சின்னச் சின்ன மேடு எல்லாத்தையும் டயரோட பக்கச் சுவர் நசுங்கி வாங்கிக்கணும். பெரிய பள்ளம் வந்தாதான் ஷாக்குக்கு வேலை. காத்தை இறுக்கிட்டா டயர் நசுங்காது. வர்ற அடி எல்லாம் நேரா மேல ஏறும்.

பஞ்சர் ஒட்டக் கழட்டுன பின் டயரைத் திருப்பி, பக்கவாட்டுல ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள இருந்த நாலு நம்பரைக் காட்டுனாரு. 3119. முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருசம். 2019ல 31ஆவது வாரம். அதாவது அந்த வருசம் ஆடிப்பெருக்குக்கு நாம சித்ரான்னம் கிண்டுன சமயத்துல தயாரான டயரை இப்பப் புதுசுன்னு மாட்டியிருக்காங்க. கருப்பு பாலிஷ், புது டயர்ல நீட்டிக்கிட்டு இருக்குமே அந்த ரப்பர் மீசை எல்லாம் பளிச்சுன்னுதான் இருந்துச்சு. நகத்தால அழுத்துனா இறங்கல. ரப்பர் ஓடாம கிடந்தாலும் வயசாக ஆக இறுகிப் போகும். இறுகுனது குலுக்கவும் செய்யும், ஈரத்துல பிடிக்கவும் பிடிக்காது. வீட்டம்மா பயந்தது சும்மா இல்ல.

அப்புறம் ஷாக். ஸ்ப்ரிங்குக்கு அடியில படிப்படியா ஒரு வளையம் இருக்குமே, அதை அஞ்சாவது படியில ஏத்தி வச்சிருந்தாரு நம்ம மெக்கானிக். நான் 62 கிலோ. அதுக்கு வண்டி கொஞ்சம்கூட அமுங்காது. ஏறி உக்காந்ததும் கொஞ்சம் இறங்குனாதான் பள்ளம் வரும்போது சக்கரம் கீழ எட்டிப் போக இடம் இருக்கும். அந்த இடமே இல்லாம, நெல்லு மூட்டை ஏத்துறதுக்கு வச்ச மாதிரி வச்சிருந்தாரு.

கடைசியா முன் போர்க். மேல இருக்கிற போல்ட்டைத் திறக்காம ஆயில் ஊத்த முடியாது. அந்த போல்ட்டைச் சுத்தி எட்டு வருசத்துப் புழுதி அப்பிக்கிட்டு இருந்துச்சு. ஸ்பேனர் பட்ட தடமே இல்ல. கீழ குழாயில திரும்பவும் எண்ணெய் வளையம் கட்டியிருந்துச்சு. எனக்கு வந்த நோயே அதுதான்: சீல் போயி, ஆயில் கசிஞ்சு, போர்க் அடி வரைக்கும் இறங்கி முட்டுற சத்தம்தான் அந்த ‘டங்’. செய்ய வேண்டியிருந்த ஒரே அவசர வேலையைத் துணியால துடைச்சு விட்டுட்டு, அதுக்கு 650 ரூபாயும் எழுதியிருக்காரு.

திரும்பப் போய்ச் சண்டை போட்டேன். “சீட்டுல கடைப் பேரு இருக்கா சார்?” இல்லதான்.

வேற ஒருத்தர்கிட்ட விட்டு, பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்தேன். போர்க்கிலிருந்து வந்த ஆயில் கொஞ்சம்தான். அதுவும் வடிகால் தண்ணி கணக்கா. சீல் மாத்தி, புது ஆயில் ஊத்தி, வளையத்தை ரெண்டாவது படிக்கு இறக்கி, காத்தைச் சரி பண்ணிக் குடுத்தாரு. அன்னைக்குச் சாயங்காலமே ‘டங்’ போயிடுச்சு. டயர் மட்டும் அப்படியே ஓடுது, அடுத்த சம்பளத்துல மாத்தணும். இந்தத் தடவை கடையில குனிஞ்சு அந்த நாலு நம்பரைப் படிச்ச பிறகுதான் காசை எடுப்பேன்.

புது மெக்கானிக் போகிற போக்குல ஒண்ணு கேட்டாரு: “பழைய ஷாக்ல எண்ணெய் கசிஞ்சுதா? அமுக்கி விட்டா ஒரே தடவையில நின்னுச்சா, ஊஞ்சல் மாதிரி ஆடுச்சா?” யோசிச்சுப் பாத்தேன். கசியல, ஆடவும் இல்ல. கம்பெனி ஷாக், நல்லாத்தான் இருந்திருக்கு. கழட்டுனதைக் கேட்டு வாங்கணும்னு எனக்கு அன்னைக்குத் தோணல. இப்ப அது யார் வண்டியில ‘புது ஷாக்’னு ஓடுதோ.