எங்கள் தெருத் தண்ணீர் எங்கே போகும்

2024 நவம்பர் கடைசி வாரம் ஊருக்குப் போயிருந்தேன். திருச்சியில் இறங்கி காரைக்குடி, தேவகோட்டை, திருவாடானை என்று ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வந்த கார், கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு எங்கள் ஊர் விலக்கில் திரும்பியதும் நின்றுவிட்டது. "அண்ணே, ஆழம் தெரியல, என்ஜினுக்குள்ள ஏறுச்சுன்னா மொதலாளி என்னையத்தான் கேப்பாரு" என்று டிரைவர் தம்பி பெட்டிகளை இறக்கி ரோட்டோரம் வைத்துவிட்டான். அப்புறம் என்ன, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, முப்பது கிலோ பெட்டியைத் தலையில் வைத்து, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்ற தண்ணீரில் வீடு போய்ச் சேர்ந்தேன். அம்மா வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தது.

ஊர்ப் பேர் வேண்டாம். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில், பாக் விரிகுடா ஓரத்தில் ஒரு கிராம ஊராட்சி, அவ்வளவு போதும்.

மறுநாள் காலையிலேயே ஊராட்சி அலுவலகத்துக்குக் கிளம்பினேன். சார்ஜாவில் கட்டுமானக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர் நான். பதினேழு வருஷமாகக் கம்பி, குழாய், சிமெண்ட் கணக்குப் பார்க்கிறவன், நாலு கேள்வி நறுக்கென்று கேட்கலாம் என்ற நினைப்பு. தலைவர் எனக்கு மதினி முறை, தூரத்துப் பெரியப்பா மகனின் மனைவி. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார்: "வாங்க கொழுந்தனாரே, சார்ஜாவுல தண்ணி வடிஞ்சிருச்சா?"

அந்த வருஷம் ஏப்ரலில் அங்கே கொட்டிய மழையை நான்தான் வீடியோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டிருந்தேன். 16 ஆம் தேதி, அல் ஐன் பக்கம் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 25 செ.மீ. பெய்து, துபாய் விமான நிலைய ஓடுபாதையே குளமாகி, எங்கள் குடியிருப்புப் பக்கம் ஒரு வாரம் கழித்தும் டேங்கர் லாரி வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பணம் இருக்கிற ஊரிலேயே அந்தக் கதி. இங்கே நவம்பர் 20 ஆம் தேதி ராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியிருக்கிறது, பாம்பனில் மூன்றே மணி நேரத்தில் 19 செ.மீ. இந்த மாவட்டத்துக்கு வருஷ சராசரியே 80 செ.மீ. சொச்சம்தான். எங்கள் ஊரில் அந்த அளவு இல்லை, ஆனால் நாலைந்து நாள் விடாமல் பெய்திருக்கிறது. சரி, கொண்டுபோன நாலு கேள்வியில் இரண்டு அங்கேயே காலி.

மிச்சம் இரண்டுக்கு மதினி நோட்டையே எடுத்துப் போட்டார். ஊராட்சிக்கு மாநில நிதிக் குழு மானியம் என்று மாதம் ஒரு தொகை வருகிறது, அது வந்த கையோடு தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் கரண்ட் பில், டேங்க் ஆபரேட்டர் சம்பளம் என்று போய்விடுகிறது. அப்போது வந்துகொண்டிருந்த மத்திய அரசின் 15வது நிதிக் குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்த காசு, வேறெதற்கும் தொட முடியாது. மிச்சம் 40 சதவீதத்தை ஊர்த் தேவைக்குச் செலவழிக்கலாம், ஆனால் அதில் சம்பளம் கொடுக்கக் கூடாது. "வாய்க்கா கட்டணும்னா எப்படியாச்சும் ஒரு திட்டத்துல சொருகிறலாம், கட்டின வாய்க்காலை அள்ளுறதுக்கு ஆள் வைக்கணும்னா எந்தக் கணக்குல எழுதுறது?" என்றார். அப்போது மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்துக்கு வந்த தூய்மைக் காவலர்களுக்கு வீடு வீடாகக் குப்பை வாங்கவே சரியாக இருந்தது. அப்போதைய நூறு நாள் வேலையில் (நாள் கூலி 319 ரூபாய்) ஊருணியும் வரத்துக்காலும் வெட்டலாம், ஆனால் அதில் மிஷின் இறக்கக் கூடாது. வாய்க்காலுக்குள் இறங்கிச் சகதி அள்ள ஊர்ப் பெண்களைக் கூப்பிட மதினிக்கும் மனசு இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. விலக்கிலிருந்து ஊருக்கு வரும் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது, நடுத் தெரு ஊராட்சி ஒன்றியத்துடையது, சந்துகள் மட்டும்தான் கிராம ஊராட்சிக்கு. தண்ணீர் இந்த மூன்றையும் தாண்டித்தான் கடலுக்குப் போகணும். நான் பெட்டி சுமந்த இடம் ஒன்றியத்து ரோடு, தண்ணீர் வந்தது நெடுஞ்சாலைத் துறை ரோட்டிலிருந்து, திட்டு வாங்குவது மதினி.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஏறிப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். மேற்கே பூராவும் கண்மாய்கள், நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்பார்களே, அந்த ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய் உட்பட. கண்மாய் நிறைந்து கலுங்கு போனால் அந்தத் தண்ணீரெல்லாம் கிழக்கேதான் வரும். நடுவில் மேடாக ஒரு ரோடு, கரை போட்ட மாதிரி. அடியில் இருக்கிற சின்னப் பாலங்கள் வழியாகத்தான் எல்லாத் தண்ணீரும் நுழைந்து வரணும், வந்தால் எங்கள் ஊர். ஊரோ தட்டு மாதிரி. விலக்கிலிருந்து கடற்கரை வரைக்கும் சரிவு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

தண்ணீரை வடித்த கதைக்கு வருகிறேன். மூன்றாம் நாள் விடிகாலை நாலரைக்கு டேங்க் ஆபரேட்டர் மாமா வந்து கதவைத் தட்டினார். அறுபது தாண்டியவர், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி இறக்குவதுதான் வேலை, ஆனால் ஊரில் தண்ணீர் என்றால் எல்லாத் தண்ணீரும் அவர் தலையில்தான். "வாப்பா, முகத்துவாரம் வெட்டப் போறோம், சும்மாதானே இருக்க." கையில் ஒரு மம்பட்டியைக் கொடுத்துவிட்டார்.

எங்கள் ஊர் உப்போடை கடலில் சேரும் இடத்தை வாடைக்காற்று அலை மணலைத் தள்ளி மூடிவிட்டிருந்தது. ஒரு ஆள் உயரத்துக்கு இல்லை, இடுப்பளவு மேடுதான், ஆனால் இருபதடி அகலம். உள்ளே ஓடையில் கறுப்பாகத் தண்ணீர், அதன்மேல் தெர்மாகோல், தேங்காய் மட்டை, குளிர்பான பாட்டில். அந்தப் பக்கம் கடல். முந்தின நாள் ஜேசிபி வரவழைத்திருக்கிறார்கள், மணிக்கு 1,300 ரூபாய் பேசி, அது மணலில் பத்தடி போனதுமே புதைந்துவிட்டது, அதை வெளியே இழுக்க இன்னொரு டிராக்டருக்குக் காசு. ஆக மம்பட்டிதான்.

நான் போனதும் வெட்ட ஆரம்பித்தேன். மாமா கையைப் பிடித்து நிறுத்தினார். "பொறு. கடல் இன்னும் ஏறிக்கிட்டு இருக்கு. இப்ப வெட்டுனா ஒரு மணி நேரத்துல அவளே மூடிருவா." ஏழெட்டுப் பேர் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், நான் கொசுக்கடி வாங்கிக்கொண்டிருந்தேன். ஆறு மணி வாக்கில் அவர் எழுந்து ஈர மணலில் அலை விட்டுப்போன கோட்டைப் பார்த்தார், இரண்டு மூன்று அலை பார்த்தார், அப்புறம் தலையாட்டினார். வெட்டியது அகலமாக இல்லை, ஒரு அடி அகலத்துக்கு ஒரு கோடு, அவ்வளவுதான், கடல் பக்கமிருந்து ஓடைப் பக்கமாக. கடைசிக் கட்டியை மாமாதான் எடுத்தார். முதலில் ஒரு செம்புத் தண்ணீர் சாய்ந்த மாதிரி வழிந்தது. நான் இதுக்காகவா நாலரைக்கு எழுப்பினார்கள் என்று நினைத்தேன். பத்து நிமிஷத்தில் இரண்டு ஓரமும் தொப் தொப்பென்று இடிந்து விழ ஆரம்பித்தது, அரை மணி நேரத்தில் நாங்கள் நின்ற இடமே இல்லை, பத்தடி அகலத்தில் தண்ணீர் கறுப்பாகக் கடலுக்குள் பாய்கிறது. மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது எங்கள் தெருவில் கணுக்கால் அளவுதான் நின்றது.

இதற்கு எந்த நோட்டிலும் கணக்கு இல்லை. டீயும் இட்லியும் தலைவர் வீட்டில்.

அப்புறம் இரண்டு நாள் ஊராட்சிச் செயலரோடு தெருத் தெருவாகச் சுற்றினேன், பொழுது போகணுமே. நடுத் தெருச் சிமெண்ட் வாய்க்கால் கிழக்கே ஒரு தென்னந்தோப்பு வேலியில் முட்டி அப்படியே நிற்கிறது. ஏன் இங்கே நிற்கிறது என்றேன். "எஸ்டிமேட் இதுவரைக்கும்தான் சார்." அதற்கு மேல் தண்ணீர் எங்கே போகும் என்று எஸ்டிமேட்டில் இல்லை. மூடி சிலாப்புகளில் பாதி வெடித்து, உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, ஓலைப் பாய் பிரிந்த மாதிரி இருக்கிறது. உப்புக் காற்று ஒரு பக்கம், உப்புப் போர் தண்ணீரிலேயே கலவை போட்டது இன்னொரு பக்கம். எங்கள் சைட்டில் கடலோர வேலை என்றால் துருப்பிடிக்காமல் இருக்க எபாக்ஸி பூசின கம்பி கொடுப்போம், அதன் விலை எனக்குத் தெரியும், ஆகையால் அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

சந்துகளில் பேவர் பிளாக் போட்டிருக்கிறார்கள், பார்க்க நன்றாக இருந்திருக்கும். ஜல் ஜீவன் குழாய்க்காகத் தோண்டியவர்கள் கல்லைத் திரும்ப வைத்தபோது அடியில் மணல் பரப்பித் தட்டவே இல்லை, இப்போது ஸ்கூட்டியில் போனால் கொட்டாங்குச்சி அடுக்கின மேல் போகிற மாதிரி இருக்கிறது. பள்ளிவாசல் தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே சிமெண்ட் போட்டிருக்கிறார்கள், சுரண்டிவிட்டுத்தான் போடணும் என்று 2021 இல் தலைமைச் செயலர் உத்தரவே இருக்கிறது, இருந்தாலும் பழைய வீடுகளின் வாசல் எல்லாம் ரோட்டுக்கு ஒரு படி கீழே. உறிஞ்சுகுழியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தோண்டினால் மூன்றடியில் தண்ணீர் ஊறுகிற ஊரில் எதை உறிஞ்சும்? மழைக்காலத்தில் அது ஒரு கிணறு, மூடி போட்ட கிணறு. ஆனால் குழிக்குத்தான் திட்டத்தில் காசு உண்டு.

நடுவில் ஒரு நாள் தங்கச்சிமடத்தில் சித்தி வீட்டுக்குப் போய்வந்தேன். அங்கே சுவரில் தண்ணீர் நின்ற தடம் ஜன்னல் விளிம்பு வரைக்கும் இருந்தது, மெத்தைகளை மாடியில் காயப்போட்டிருந்தார்கள். அதற்கப்புறம் எங்கள் தெருவைப் பற்றிப் பேச எனக்கே கூச்சமாக இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் எங்கள் வீட்டு முன்னால் மட்டும் தண்ணீர் வடியவில்லை. ஊரே காய்ந்துவிட்டது, எங்கள் வாசலிலிருந்து நாலு வீடு வரைக்கும் பச்சையாக நிற்கிறது. செயலரிடம் கேட்டேன், அவர் மாமாவைப் பார்த்தார். மாமா எங்கள் கேட்டைத் திறந்து உள்ளே வந்து, கொய்யா மரத்தடியில் நின்று காலால் தரையைத் தட்டினார். "இதுதான்பா ஓடை. ஒங்க அப்பா இருக்கும்போது மேலத் தெருத் தண்ணி பூரா இது வழியாத்தான் போகும்." 2015 இல் வீடு கட்டும்போது நாற்பது லோடு சவுடு மண் அடித்து மனையை மூன்றடி ஏற்றி, சுற்றிக் காம்பவுண்டு எடுத்தது நான்தான். சார்ஜாவிலிருந்து போனிலேயே கட்டினேன். மேஸ்திரி ஒரு தடவை "அண்ணே, இதுல தண்ணி போற தடம் ஒண்ணு இருக்கே" என்று கேட்டது இப்போதும் ஞாபகம் இருக்கிறது, அடைச்சிருங்க என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

போதாக்குறைக்கு வீட்டு வரி மூன்று வருஷமாகக் கட்டவில்லை என்பதையும் செயலர் அன்றைக்கே சொன்னார். 1,320 ரூபாய். இப்போது ஆன்லைனிலேயே கட்டலாமாம், அங்கே நின்றே கட்டினேன். திருச்சியிலிருந்து வந்த காருக்கு நான் கொடுத்தது 5,500.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காம்பவுண்டு அடியில் ஒன்பது இஞ்ச் குழாய் இரண்டு வரிசை பதித்தோம், கொய்யா மரம் போய்விட்டது. அம்மாவுக்கு இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை, மரத்துக்காக இல்லை, மேலத் தெருச் சாக்கடை நம் வீட்டு வழியாகப் போகணுமா என்று. குழாயின் வாய் கிழக்குச் சுவரில் திறந்தது, அங்கே அடுத்த மனை, அதுவும் சவுடு அடித்து ஏற்றியது. மலேசியாவில் இருக்கிறவருடைய மனை.

தலைவர் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர் நிர்வாகம் வந்துவிட்டது. மதினி வீட்டில் தையல் மிஷினை மறுபடி எடுத்துவைத்திருக்கிறாராம். போகிற போக்கில் அந்த மலேசியாக்காரர் நம்பரை அவர்தான் வாங்கிக் கொடுத்தார். சுவர், குழாய், ஓடைத் தடம் எல்லாம் போட்டோ எடுத்து, மரியாதையாக நாலு வரி எழுதி அனுப்பியிருக்கிறேன். இரண்டு டிக் விழுந்திருக்கிறது, நேற்று ராத்திரி வரைக்கும் நீலமாகவில்லை.