சிங்கப்பூர் துணை நிறுவனத்துக்குக் கணக்கு எழுதுவது யார்? நான்கு வழிகளின் ஒப்பீடு

கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இயங்கும் ஒரு கம்பெனி, முழுப் பங்கையும் தானே வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் ஒரு பிரைவேட் லிமிடெட் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கு வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் நிறுவனச் செயலரை நியமிக்க வேண்டும். இவ்விருவரையும் ஏற்பாடு செய்து தரும் சேவை நிறுவனமே, "கணக்கையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு மாதக் கட்டணம் சொல்லும். பலர் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

வேறு மூன்று வழிகளும் உண்டு: தனியாள் ஒருவரிடம் பகுதிநேரமாகக் கொடுப்பது, சிங்கப்பூரிலேயே சொந்தக் கணக்காளரை அமர்த்துவது, அன்றாடப் பதிவைத் தாய் நிறுவனத்தின் கணக்குப் பிரிவிடம் விட்டுவிட்டு வரித்தாக்கலை மட்டும் சிங்கப்பூர் நிறுவனத்திடம் கொடுப்பது. மாதக் கட்டணத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தவறான வழிதான் மலிவாகத் தெரியும். வெளிநாட்டுக் கம்பெனி கையில் பங்கு இருப்பதாலேயே வேலை எவ்வளவு கூடுகிறது என்பதை முதலில் கணக்கிட வேண்டும்.

பங்கு கம்பெனியின் கையில் இருந்தால் என்ன மாறுகிறது

விற்றுமுதல் 1 கோடி சிங்கப்பூர் வெள்ளி, மொத்தச் சொத்து 1 கோடி வெள்ளி, ஊழியர் 50 பேர். இந்த மூன்று வரம்புகளில் இரண்டுக்குள் தொடர்ந்து இரண்டு நிதியாண்டுகள் இருந்தால், சிங்கப்பூரில் சிறு நிறுவனத்துக்குத் தணிக்கை விலக்கு உண்டு. ஆனால் குழுமத்தில் ஒன்றாக இருக்கும் நிறுவனத்துக்கு, உலகம் முழுவதும் உள்ள குழுமம் மொத்தமாக அந்த வரம்புக்குள் வர வேண்டும். கோயம்புத்தூரில் 200 பேர் வேலை செய்யும், 150 கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ள தாய் நிறுவனம் என்றால், சிங்கப்பூர் துணை நிறுவனத்தில் இரண்டு பேர்தான் இருந்தாலும் தணிக்கை கட்டாயம்.

தாய் நிறுவனமும் சிறியது, சிங்கப்பூரில் விலக்குக் கிடைத்துவிட்டது என்றாலும் விஷயம் முடியவில்லை. இந்திய ரிசர்வ் வங்கியின் வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31க்குள் ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கையை அங்கீகரிக்கப்பட்ட வங்கி வழியாகத் தர வேண்டும். கட்டுப்பாடு இந்தியத் தரப்பிடம் இருந்தால், அந்த அறிக்கை தணிக்கை செய்த கணக்கின் அடிப்படையில்தான் இருக்க வேண்டும். "தணிக்கை தேவையில்லை" என்று சிங்கப்பூரில் சொல்லும் ஆலோசகருக்கு அந்த ஊர்ச் சட்டம் மட்டுமே தெரிந்திருக்கும். டிசம்பரில் வங்கி கேட்கும்போதுதான் ஆடிட்டரைத் தேடி ஓடுவார்கள்.

வரி விலக்கிலும் இதே கதைதான். புதிய நிறுவனங்களுக்கு முதல் மூன்று வரி ஆண்டுகளில் முதல் 1,00,000 வெள்ளிக்கு 75 சதவீத விலக்கு என்று விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். தனிநபர் ஒருவராவது குறைந்தது 10 சதவீதப் பங்கு வைத்திருந்தால்தான் அது கிடைக்கும். முழுப் பங்கும் கம்பெனியிடம் இருந்தால் பகுதி விலக்கு மட்டுமே. 1,00,000 வெள்ளி வருமானத்துக்கு முதல் வகையில் வரி 4,250 வெள்ளி. இரண்டாவது வகையில் 8,075 வெள்ளி. உங்களிடம் வரும் விலைப்புள்ளியோடு ஒரு வரி மதிப்பீடும் இணைத்திருந்தால், எந்த விலக்கை வைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளின் கணக்கைப் பார்த்துப் பழகியவர்களா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

முழுச் சேவைத் தொகுப்பு

மாதத்துக்கு முப்பது, நாற்பது பதிவுகள், பொருள் சேவை வரிப் பதிவு இல்லை, ஊழியர் ஒருவர் இருவர் என்றால் சேவை நிறுவனத்தின் தொகுப்பே போதும். செயலர், ஆண்டு அறிக்கை, வரித்தாக்கல் எல்லாம் ஒரே கூரையில் இருப்பதால் கெடு தேதி தவறுவது குறைவு. 2025 ஜூன் 9 முதல் இத்தகைய சேவை நிறுவனங்கள் சிங்கப்பூரின் நிறுவனப் பதிவு ஆணையமான அக்ராவிடம் பதிவு பெற்றிருப்பது கட்டாயம். பெயரளவு இயக்குநரைத் தொழில்முறையில் ஏற்பாடு செய்வதும் அவர்கள் வழியாகத்தான் நடக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

சிக்கல், தொகுப்பில் என்ன இல்லை என்பதில்தான். நிதியறிக்கையை எக்ஸ்பிஆர்எல் என்ற, கணினி படிக்கும் வடிவத்துக்கு மாற்றுவது, ஆடிட்டர் கேள்விகளுக்குப் பதில் தருவது, தாய் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த கணக்குக்கான படிவங்களை நிரப்புவது: இவை பெரும்பாலும் தனிக் கட்டணம். இன்னொன்று, பல இடங்களில் மாதக் கணக்கு என்பது பெயருக்குத்தான். பில்களை வாங்கி வைத்துக்கொண்டு ஆண்டு முடிவில் மொத்தமாகப் பதிவார்கள். மாதம் முடிந்து எத்தனையாவது நாளில் வங்கிக் கணக்கு ஒத்துப்பார்த்த இருப்புநிலை கைக்கு வரும் என்பதை எழுத்தில் வாங்காவிட்டால், அது வரவே வராது.

தனியாள்

கட்டணம் குறைவு. உரிமையாளர் சிங்கப்பூரிலேயே இருந்து தினமும் பார்க்கிற கடைக்குப் பொருந்தும். உரிமையாளர் கடல் கடந்து இருக்கும்போது, ஒரே ஒருவரின் உடல்நலத்தையும் விடுமுறையையும் நம்பி நிற்பது சரியில்லை. இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டோம்.

சிங்கப்பூரில் சொந்தக் கணக்காளர்

கிடங்கு, சரக்கு இருப்பு, தினசரி இறக்குமதி ஏற்றுமதி, பத்துக்கு மேற்பட்ட ஊழியர் என்று வந்துவிட்டால் ஆள் அங்கே இருந்தே ஆக வேண்டும். இறக்குமதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு அனுப்பும் ஏஜென்ட் தன் பில்லில் 9 சதவீத பொருள் சேவை வரியைச் (ஜிஎஸ்டி) சேர்த்து வசூலிப்பார். அதை உள்ளீட்டு வரியாக, அதாவது வாங்கும்போது கட்டிய வரியாக, திரும்பக் கேட்க அந்தப் பில் போதாது. உங்கள் நிறுவனத்தை இறக்குமதியாளராகக் காட்டும் சுங்க பெர்மிட் வேண்டும். ஏஜென்ட் தன் பெயரில் பெர்மிட் எடுத்துவிட்டால் அந்த வரியைக் கோருவதில் சிக்கல்தான். இதை அன்றைக்கே பார்த்துத் திருத்த ஓர் ஆள் இருந்தால் அவர் சம்பளத்தில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும்.

செலவைக் கணக்கிடும்போது சம்பளத்தோடு நிறுத்தாதீர்கள். 55 வயதுக்கு உட்பட்ட குடிமகனோ, மூன்றாம் ஆண்டைத் தொட்டுவிட்ட நிரந்தரவாசியோ என்றால், வரம்புக்கு உட்பட்டு, மத்திய சேம நிதிக்கு நிறுவனப் பங்கு 17 சதவீதம். அதற்கு மேல் திறன் மேம்பாட்டுத் தீர்வை, மென்பொருள், அவர் விடுப்பில் போனால் மாற்று ஏற்பாடு. இத்தனைக்கும் பிறகு வரித்தாக்கலுக்கு வெளி ஆலோசகர் எப்படியும் வேண்டும்.

பதிவு சென்னையில், தாக்கல் சிங்கப்பூரில்

மாதத்துக்கு நூறு முதல் முந்நூறு பதிவுகள் உள்ள தமிழ்நாட்டு நிறுவனங்களுக்கு எங்கள் தேர்வு இது. நேர வித்தியாசம் இரண்டரை மணி நேரம்தான். சீரோ, குவிக்புக்ஸ் போன்ற இணைய மென்பொருளில் வங்கி வரவு செலவு தானாக வந்து விழுகிறது. தாய் நிறுவனத்துடனான கொடுக்கல் வாங்கலின் இரு பக்கத்தையும் ஒரே குழு எழுதுவதால், ஆண்டு முடிவில் அங்கொரு தொகை இங்கொரு தொகை என்று நிற்பதில்லை.

ஆனால் இந்தியப் பழக்கத்தோடு சிங்கப்பூர்க் கணக்கை எழுதினால் தவறு நிச்சயம். அடிக்கடி நடப்பவை இவை.

சேம நிதிக்கு இந்தியாவில் அடுத்த மாதம் 15ஆம் தேதி கெடு. சிங்கப்பூரில் அந்த மாதக் கடைசி நாளே கெடு. அடுத்த மாதம் 14 வரை நடவடிக்கை எடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். 15ஆம் தேதி கட்டினால் வட்டி தொடங்கிவிடும்.

உள்ளூர்ச் சப்ளையருக்குப் பணம் கொடுக்கும்போது டிடிஎஸ் பிடிக்கும் வழக்கம் அங்கே இல்லை. அதனால் வெளிநாட்டவருக்குக் கொடுக்கும்போது பிடிக்க வேண்டியதையும் மறந்துவிடுகிறார்கள். தாய் நிறுவனம் கொடுத்த கடனுக்கான வட்டிக்கு 15 சதவீதம் பிடித்து, கொடுத்த மாதத்துக்குப் பிந்தைய இரண்டாவது மாதம் 15ஆம் தேதிக்குள் சிங்கப்பூர் வரித்துறையான ஐராஸிடம் கட்ட வேண்டும். இங்கே 'கொடுத்த நாள்' என்றால் பணம் போன நாள் மட்டும் இல்லை. ஒப்பந்தப்படி வட்டி சேர வேண்டிய நாள், தாய் நிறுவனத்தின் கணக்கில் வரவு வைத்த நாள், பணம் கொடுத்த நாள், இவற்றில் எது முந்தியதோ அது. மார்ச் 31 அன்று சென்னையில் வழக்கமாகப் போடும் ஒரு வட்டிப் பதிவே வரியைக் கிளப்பிவிடும். பணம் இன்னும் போகவில்லையே என்று இருந்துவிட்டால் 5 சதவீத அபராதம்.

கார் செலவு இன்னொன்று. தனியார் காரின் பெட்ரோல், பார்க்கிங், பழுது ஆகியவற்றுக்கு உள்ளீட்டு வரியும் கிடையாது, வருமான வரிக் கழிவும் கிடையாது. வேலைக்காகவே ஓடியது என்று காட்டினாலும் செல்லாது.

எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) இருப்பவரைச் சென்னைக்கே திரும்ப அழைத்துக்கொண்டால், அவர் வேலையை விடுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே ஐராஸிடம் ஐஆர்21 என்ற வரி முடிப்புப் படிவம் தர வேண்டும். அவருக்குத் தர வேண்டிய பணம் முழுவதையும் நிறுத்தி வைக்க வேண்டும். சென்னைப் பேரோல் வழக்கம்போலக் கடைசிச் சம்பளத்தைப் போட்டுவிட்டால், அவருடைய வரிப் பாக்கிக்கு நிறுவனம் பொறுப்பாக நேரிடலாம்.

ஆகவே வேலையைப் பிரித்துக் கொடுங்கள். விற்பனை, கொள்முதல், வங்கி ஒத்துப்பார்ப்பு சென்னையில். சம்பளப் பட்டியல், காலாண்டு ஜிஎஸ்டி ரிட்டர்னைச் சரிபார்த்துத் தாக்கல் செய்வது, வருமான வரி, செயலர் வேலை சிங்கப்பூரில். ஜிஎஸ்டி காலாண்டு முடிந்த ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். சென்னைக் குழு 10ஆம் தேதிக்குள் முடித்துக் கொடுத்தால்தான் மறுபக்கத்துக்குப் பார்க்க நேரம் இருக்கும். விற்பனையே இல்லாத காலாண்டிலும் தாக்கல் உண்டு. தவறினால் 200 வெள்ளி, பின் ஒவ்வொரு முழு மாதத்துக்கும் இன்னொரு 200.

நிதியாண்டைத் தாய் நிறுவனத்தைப் போல மார்ச் 31 என்றே வையுங்கள். அப்போது 2026 மார்ச்சில் முடியும் ஆண்டுக்கு உத்தேச வருமான அறிக்கை 2026 ஜூன் 30, அக்ரா ஆண்டு அறிக்கை அக்டோபர் 31, இந்தியாவில் வங்கி வழி அறிக்கை டிசம்பர் 31. வருமான வரிப் படிவமோ 2027 நவம்பர் 30. இந்திய மதிப்பீட்டு ஆண்டை மனத்தில் வைத்து 2026 நவம்பர் என்று குறித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அந்த நவம்பரில் போக வேண்டியது முந்தைய ஆண்டின் படிவம்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

எந்த வழியைத் தேர்ந்தாலும் மென்பொருள் சந்தா உங்கள் நிறுவனத்தின் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். கணக்கெழுதுபவரை அதில் பயனராகச் சேருங்கள். சந்தா அவர்கள் பெயரில் இருந்தால், பிரியும் நாளில் கையில் மிஞ்சுவது பிடிஎஃப் மட்டும். ஆவணங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்கும் கடமையோ உங்களுடையது. அரசு இணையச் சேவைகளில் நிறுவனத்தின் பெயரில் நுழைவதற்கான கார்ப்பாஸ் நிர்வாகி உரிமையும் உங்கள் ஆளிடமே இருக்க வேண்டும். சேவை நிறுவனத்துக்குத் தேவையான தாக்கல்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

தாமத அபராதம் யார் தலையில் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்: ஒப்புக்கொண்ட தேதிக்குள் ஆவணம் கொடுத்த பிறகும் தாக்கல் தாமதமானால் அபராதம் சேவை நிறுவனத்துடையது. இந்த வரியை ஏற்க மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

வங்கியைப் பொறுத்தவரை, கணக்கெழுதுபவருக்குப் பார்க்கும் உரிமை மட்டும் கொடுங்கள். பணம் அனுப்பும் பட்டியலை அவர் தயாரிக்கலாம். ஒப்புதல் பொத்தானை அழுத்துவது உங்கள் இயக்குநராகத்தான் இருக்க வேண்டும்.