‘புது சர்வர் திறந்தாச்சு’ விளம்பரம் வந்தால் பணம் கட்டாதீர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து, பிரவுசிங் சென்டரில் ஆன்லைன் கேம் பழகியவன் நான். நமக்குத் தெரியாததா என்ற தெம்பில்தான் இந்த வருடம் 6,380 ரூபாயை விட்டேன்.

போனில் ஒரு ஆன்லைன் சண்டை ஆட்டத்தின் விளம்பரம் வந்தது: ‘புது சர்வர், எல்லோரும் லெவல் ஒன்றிலிருந்து.’ சர்வர் என்றால் அதே ஆட்டத்தின் தனிக்களம், அதில் சேர்ந்தவர்களுக்குள்தான் போட்டி. சரி, நியாயமான போட்டி என்று இறங்கினேன். ஆட்டோ பட்டனைத் தட்டினால் வீரன் தானே போய்ச் சண்டை போடுகிறான். ஆடுவதற்கு ஆள் தேவைப்படாத ஆட்டத்துக்கு நம்மிடம் வேறு என்ன வேண்டியிருக்கும்? அப்போதே யோசித்திருக்கணும்.

அறுபதாவது லெவலில் நின்றுபோனது. வாளை மேம்படுத்தினால் பாதிக்கு மேல் தோல்விதான். தோற்றால் இரண்டு படி கீழே. அது இறங்காமல் காக்கும் சீட்டு 449 ரூபாய். வாங்கினேன், திரும்பவும் வாங்கினேன்.

1999-இல் வந்த எவர்குவெஸ்ட் என்ற ஆன்லைன் ஆட்டத்தில் அப்போது நம் வீரன் செத்தால், பிணம் கிடக்கும் இடத்துக்கே போய்ச் சாமான்களை மீட்க வேண்டியிருந்தது. கொடுமைதான், ஆனால் துணைக்கு நாலு பேரைக் கூப்பிடுவோம், நட்பாகிவிடும். 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் அந்தக் கொடுமையை நிறையக் குறைத்தது. அப்போது இரண்டுக்குமே மாதச் சந்தா. அடுத்த மாதமும் நாம் வர வேண்டுமே என்பது அந்தக் கம்பெனிகளின் கவலையாக இருந்தது. உள்ளே நுழைவது இலவசம் என்று ஆனபிறகு, நாம் எங்கே மாட்டிக்கொண்டு தவிக்கிறோமோ அங்கேதான் கல்லாப்பெட்டி.

நாற்பதாவது நாள் என் சர்வரைப் பழைய சர்வர்களோடு இணைத்துவிட்டார்கள். தரவரிசையில் பன்னிரண்டாம் இடத்தில் இருந்தவன் நானூறுக்கும் கீழே போனேன். திருப்பாதிரிப்புலியூர் தம்பி ஒருவன் சாட்டில் சொன்னான்: “அண்ணே, எங்களையும் இப்படித்தான் சேத்தாங்க.”

புகார் அனுப்பினேன். வாளும் சீட்டும் என் உடைமை இல்லையாம், பயன்படுத்த அனுமதி மட்டுமாம். நான் படிக்காமல் ‘சம்மதம்’ தட்டிய விதிகளில் அது இருக்கிறது. பிளே ஸ்டோரில் 48 மணி நேரத்துக்குள் கேட்டிருந்தால் கொஞ்சமாவது திரும்பியிருக்கலாம். நான் கேட்டது இரண்டு மாதம் கழித்து.

காசு கட்டுமுன் சர்வர் எண்ணைப் பாருங்கள். என்னுடையது 214. முதல் நாளே திரையில் இருந்தது. முன்னால் 213 இருந்திருக்குமே என்று எனக்குத் தோன்றவில்லை. நேற்று 231 திறந்திருக்கிறார்கள்.