ஜிம்னியின் முன் பம்ப் ஸ்டாப்: ஏழு ஆண்டுகள், மூன்று ஜோடிகள்

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில், மூன்றாம் தளத்திற்கு ஏறும் இடத்தில் ஒரு வேகத்தடை இருக்கிறது. 2018ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் வேலை முடிந்து வரும் ஒவ்வோர் இரவும் என் சுஸுகி ஜிம்னி அந்தத் தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கத்தில் ‘டக்’ என்று ஓர் அடி விழும். அந்த அடி ஸ்டியரிங்கில் தெரியும், முதுகெலும்பிலும் தெரியும். அப்போதுதான் பெரும் பணம் செலவழித்து ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் புதிதாகப் போட்டிருந்தேன். வண்டி உயர்ந்து நின்றது, பார்ப்பதற்கு அழகாகவும் இருந்தது. ஆனால் பழைய ஸ்பிரிங்கில் மெத்தென்று போன தடையில் புதிய ஸ்பிரிங் இப்படி இடித்தது. காரணம் ஸ்பிரிங்கும் அல்ல, ஷாக்கும் அல்ல. உள்ளங்கையில் அடங்கும் பம்ப் ஸ்டாப் என்ற சிறு தடுப்புத் துண்டுதான் காரணம் என்று புரிந்துகொள்ள எட்டு மாதம் ஆயிற்று.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் தலைமுறை ஜிம்னி, ஜேபி43, 1.3 லிட்டர் எஞ்சின், 2008இல் பதிவானது. 2018இல் வாகன உரிமைச் சான்றிதழை இன்னும் 10 ஆண்டுக்குப் புதுப்பித்தேன். 14 ஆண்டு தாண்டிய வண்டி என்பதால் இப்போது சாலை வரியில் 50 விழுக்காடு கூடுதலாகக் கட்டுகிறேன், ஆண்டுதோறும் சோதனைக்கும் கொண்டுபோகிறேன். ஆகவே எந்த மாற்றம் செய்தாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் படித்துவிட்டுத்தான் செய்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இந்த ஊரில் சேற்றில் ஓட்ட இடம் கிடையாது. என் ஓட்டமெல்லாம் மலேசியாவின் ஜோகூருக்குப் போகும் கடற்பாலத்தைத் தாண்டி, கோத்தா திங்கிப் பக்கத்துச் செம்பனைத் தோட்டச் சாலைகளிலும் மெர்சிங் போகும் வழியில் பிரியும் செம்மண் பாதைகளிலும்தான்.

இரு முன்சக்கரங்களையும் தாங்கும் தண்டான முன் ஆக்ஸில் மேலே எழும்போது அது எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது பம்ப் ஸ்டாப். அது இல்லாவிட்டால் ஷாக்கின் தண்டு முழுவதும் உள்ளே போய் அடியில் மோதும். ஒன்றிரண்டு தடவை மோதினால் ஷாக்கின் உள்வால்வு போய்விடும், மேல்முனைப் பிடிப்பு பிய்ந்துகொள்ளும். டயர் மட்கார்டைத் தின்னும். பழைய வண்டிகளில் இந்த ரப்பரை யாரும் பார்ப்பதே இல்லை. ஜிம்னியின் முன்பக்கத்தில் அது ஸ்பிரிங்கின் உள்ளே ஒளிந்திருப்பதால் கண்ணில் படவும் படாது. முதன்முதலில் ஸ்பிரிங்கைக் கழற்றியபோது ஒரு பக்கத்து ஸ்டாப் பாதியாக உடைந்திருந்தது, மறுபக்கத்தில் அடிக்கட்டை மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்கு முந்தைய பல ஆண்டுகள் வண்டி எதன்மேல் முட்டி நின்றதோ!

இனி என் தவறு. 50 மில்லிமீட்டர் உயர்த்தும் ஸ்பிரிங் வாங்கினேன். அதைப் பொருத்திய கடையில், “50 உயர்த்தினால் ஸ்டாப்பையும் 50 நீட்ட வேண்டும்” என்று சொல்லி, 50 மில்லிமீட்டர் கட்டையும் அதன்மேல் கெட்டிப் பாலியூரித்தேன் பிளாஸ்டிக் ஸ்டாப்பும் வைத்துக் கொடுத்தார்கள். கேட்பதற்கு நியாயமான கணக்குத்தான், நானும் தலையாட்டினேன். ஆனால் என் வண்டியின் முன்னால் இரும்பு பம்பரும், சேற்றில் சிக்கினால் வண்டியை இழுக்கும் வின்ச்சும் இருந்தன. அந்த எடையில் வண்டி உண்மையில் உயர்ந்தது 35 மில்லிமீட்டர்தான். 35 உயர்ந்த வண்டிக்கு 50 நீட்டினால், மேலே எழுவதற்கான இடம் தொழிற்சாலையில் இருந்து வந்த நாளைவிட 15 மில்லிமீட்டர் குறைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு அந்த ஸ்டாப் கல் மாதிரி. முட்டியதும் அமுங்காமல் திருப்பி அடித்தது. வேகத்தடையில் விழுந்த ‘டக்’ அதுதான். தோட்டச் சாலையில் இன்னும் மோசம். குழியில் இறங்கி ஏறும்போது முன்சக்கரம் மண்ணை விட்டுத் துள்ளும், துள்ளும் நேரத்தில் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது.

ஜோகூரில் உலு திராம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் முதலில் கேட்டது ஷாக்கைத்தான். “தம்பி, எவ்வளவு உயர்த்தினீர்கள் என்பதை மறந்துவிடுங்கள். இந்த ஷாக் முழுவதும் சுருங்கினால் எவ்வளவு நீளம்? அதைச் சொல்லுங்கள்” என்றார். எனக்குத் தெரியவில்லை. “அப்படியானால் அளந்துவிடுவோம், அண்ணே” என்றேன். அன்று பிற்பகல் முழுவதும் அதிலேயே போயிற்று.

அந்தப் பிற்பகலில் கற்றதை விரிவாகவே எழுதுகிறேன். எங்கள் ஊரில் இதைச் செய்து காட்டியவர் யாரும் இல்லை.

வண்டியை அளப்பதற்கு முன் அது வழக்கமாக ஓடும் எடையில் இருக்க வேண்டும். சிங்கப்பூர் வண்டி எல்லை தாண்டும்போது டாங்கியில் முக்கால் பங்கு எரிபொருள் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். எனவே அந்த முக்கால் டாங்கியோடும் கருவிப் பெட்டியோடும் நிற்கவைத்து, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நாடாவால் அளந்தோம். உண்மையான உயர்வு 35 என்று தெரிந்தது அப்போதுதான். பிறகு ஷாக்கைக் கழற்றிக் கையால் முழுவதும் அமுக்கிப் பார்த்தால், பழையதைவிட 22 மில்லிமீட்டர் நீளமாக நின்றது. டயரையும் கணக்கில் எடுத்தோம். வண்டியோடு வந்தது 205/70 ஆர்15. நான் போட்டிருந்தது 215/75 ஆர்15. விட்டத்தில் 35 மில்லிமீட்டர் வித்தியாசம், ஆரத்தில் ஏறத்தாழ 18. அதாவது டயர் மட்கார்டுக்கு 18 மில்லிமீட்டர் நெருக்கமாக வந்துவிட்டது. இந்த 22ஐயும் 18ஐயும் கூட்டக் கூடாது. இரண்டில் பெரியது எதுவோ அதைக் காப்பாற்றினால் மற்றதும் காப்பாற்றப்படும்.

அடுத்து அண்ணன் செய்ததை நான் எங்கும் பார்த்ததில்லை. ஒரு புதிய நுரைவகை ஸ்டாப்பை வைஸில் வைத்து, கைப்பிடியில் தன் முழு எடையையும் போட்டு இறுக்கினார். மஞ்சள் நுரை மடிப்பு மடிப்பாக உட்கார்ந்து, ஓரங்களில் வெள்ளையாக வெளிறி, 60 மில்லிமீட்டராக இருந்தது 22இல் வந்து நின்றது. வெர்னியரால் அளந்து சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினார். அடுத்து அதே உயரமுள்ள ரப்பர் ஸ்டாப். அது பக்கவாட்டில் பிதுங்கி 32இல் நின்றது. என் கெட்டிப் பாலியூரித்தேன் 45க்குக் கீழே இறங்க மறுத்துவிட்டது. எல்லாமே 60 உயரம்தான். ஆனால் வேலை செய்யும்போது ஒன்று 22, ஒன்று 32, ஒன்று 45. நீட்டும் கட்டையின் உயரத்தை முடிவு செய்ய வேண்டியது இந்த அமுங்கிய அளவுதான். ஸ்டாப்பின் முழு உயரம் அல்ல, ஸ்பிரிங் பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணும் அல்ல.

ஸ்பிரிங் இரண்டையும் எடுத்துவிட்டு ஆக்ஸிலை ஜாக்கால் மெல்ல உயர்த்தினோம். ஷாக் முழுவதும் சுருங்கும் இடத்திற்கு 10 மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தி, ஸ்டாப் உட்காரும் இடத்திலிருந்து ஸ்பிரிங்கின் கீழ்க்கிண்ணம்வரை அளந்தால் 52 மில்லிமீட்டர். நுரை அமுங்கினால் 22. ஆகவே கட்டை 30. என்னிடம் இருந்தது 50 கட்டையும் 45க்குக் கீழே அமுங்காத ஸ்டாப்பும், மொத்தம் 95. எனக்குக் கிடைக்க வேண்டிய அசைவில் 43 மில்லிமீட்டரை அந்தக் கட்டை விழுங்கியிருந்தது.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து எழும் நிலை ஒன்று, ஒரு சக்கரம் மட்டும் எழும் நிலை வேறு. ஒரே தண்டான ஆக்ஸிலில் ஸ்டாப் உட்பக்கம் இருக்கிறது, டயர் வெளிப்பக்கம் இருக்கிறது. இடப்பக்கம் முட்டி நின்று வலப்பக்கம் தொங்கும்போது, ஆக்ஸில் அந்த இட ஸ்டாப்பை அச்சாகக் கொண்டு சாய்ந்து, இட டயரை இன்னும் மேலே தூக்கும். சமமாக உயர்த்திப் பார்த்தபோது உரசாத டயர் இப்போது உரசும். 52 மில்லிமீட்டர் மரத்துண்டை அமுங்கிய ஸ்டாப்பாக உள்ளே வைத்து, ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கால் ஏற்றி, மட்கார்டின் உள்ளே பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி ஒட்டி, ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பினோம். டயரின் பூ அச்சு களிமண்ணில் அப்படியே பதிந்தது, பின்விளிம்பில். பிளாஸ்டிக் ஓரத்தை அரை விரல்கடை சீவினோம், சரியாயிற்று. பிரேக் குழாய் இழுபடுகிறதா, ஆக்ஸிலைக் குறுக்கே பிடிக்கும் பனார்டு தண்டு எதிலாவது இடிக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொண்டோம்.

லேத் பட்டறையில் அலுமினியத்தில் 30 மில்லிமீட்டர் கட்டை கடைந்து வாங்கினோம். அகலமாக இருக்க வேண்டும் என்று அண்ணன் வற்புறுத்தினார். அவர் சொன்னது சரிதான். ஆக்ஸில் மேலே வரும்போது நேராக வருவதில்லை, பனார்டு தண்டு அதைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு வரும். ஒல்லியான கட்டையை நீளமான போல்ட்டில் தொங்கவிட்டால், சாய்வாக விழும் அடியில் போல்ட் வளைந்துவிடும்.

அந்த நுரை ஸ்டாப்போடு திரும்பி வந்த இரவு, மூன்றாம் தளத்துத் தடையில் சத்தமே இல்லை. மெல்ல இறுகி, மெல்ல விட்டது. நுரையின் சிறப்பு அதுதான். அது ஒரு சிறிய இரண்டாவது ஸ்பிரிங்காகவே வேலை செய்யும். 2019இன் மிச்ச மாதங்கள் முழுவதும் அவ்வளவு இன்பமாக ஓட்டினேன்.

2020 மார்ச்சில் எல்லை மூடியது. 2022 ஏப்ரல் 1 அன்று திறக்கும்வரை ஜிம்னி அலுவலகத்திற்கும் சந்தைக்கும் மட்டுமே போயிற்று. சேறு இல்லை, குழி இல்லை. மீண்டும் ஜோகூர் போகும் முன் ஸ்பிரிங்கைக் கழற்றினேன். ஸ்டாப்பை விரலால் தொட்டதும் பழைய கேக்கைப் போல உதிர்ந்து என் கையில் கொட்டியது. உழைத்துத் தேய்ந்திருந்தால் வருந்தியிருக்க மாட்டேன். சும்மா இருந்தே போய்விட்டது. அந்த நுரையும் பாலியூரித்தேன்தான். பாலியூரித்தேனில் பாலியெஸ்டர் வகையை வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்து உள்ளிருந்தே உடைத்துவிடும். பாலியீதர் வகை ஈரத்தைத் தாங்கும். நம் தீவின் காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நுரை வாங்குகிறவர்கள் எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால் அதை இரண்டு ஆண்டுச் சரக்கு என்றே நினைத்து, ஆண்டுக்கு ஒரு முறை ஸ்பிரிங்கின் இடுக்கில் விரல் விட்டுத் தொட்டுப் பாருங்கள்.

மூன்றாவது ஜோடி இயற்கை ரப்பர், கூம்பு வடிவம். 1877இல் சிங்கப்பூர்ப் பூமலைக்கு (தாவரவியல் பூங்காவுக்கு) வந்திறங்கிய 22 நாற்றுகளில் தொடங்கிய மரம் அது. என் தாத்தா ஜோகூரில் குளுவாங் பக்கத்தில் வாழ்நாள் முழுவதும் பால் மரம் சீவியவர். அவர் கையில் எப்போதும் இருந்த அந்த வாடை, புதிய ஸ்டாப்பின் பொட்டலத்தைப் பிரித்ததும் வந்தது. கொஞ்ச நேரம் அதை முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ரப்பர் 32 வரைதான் அமுங்கும் என்பதால் கட்டையை 30இலிருந்து 20ஆகக் கடைந்து குறைத்தோம். 32உம் 20உம் அதே 52. நுரையைவிடச் சற்றுத் தாமதமாக முட்டுகிறது, முட்டியபின் கொஞ்சம் விறைப்பு. வேகத்தடையில் வித்தியாசம் தெரியவில்லை. செம்மண் பாதையில் வேகமாகப் போனால் தெரிகிறது. அந்த மென்மையை இழந்ததில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் உதிராத பொருளை நம்பி ஓட்டலாம். மூன்று ஆண்டுக்கு மேலாகிறது. போன முறை கழற்றியபோது மேற்பரப்பில் மயிரிழை விரிசல்கள் மட்டும் இருந்தன, நகத்தால் அழுத்தினால் பழையபடி எழுந்து வந்தது.

பழைய டிஃபெண்டர், 80 வரிசை லேண்ட் குரூஸர் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இது இன்னும் எளிது. ஸ்டாப் ஸ்பிரிங்குக்கு வெளியே, சேசிஸில் இருக்கிறது, பார்க்கவும் மாற்றவும் முடியும். அளக்கும் முறை ஒன்றேதான். ஆனால் முன்சக்கரங்கள் தனித்தனியே அசையும் பழைய பஜேரோ போன்றவற்றுக்கு என் எண்களைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே ஸ்டாப், சக்கரத்தைத் தாங்கும் கையின் (ஆர்ம்) உட்பக்கம், சுழலும் முனைக்கு அருகில் இருக்கிறது. ஸ்டாப்பில் 10 மில்லிமீட்டர் கூட்டினால் சக்கரத்தில் அதைவிட மிக அதிகமான அசைவு போய்விடும்.

கடைசியாக ஒரு காசு மதிப்பில்லாத கருவி. தூசி உறை இல்லாத ஷாக்காக இருந்தால் அதன் தண்டில் ஒரு மெல்லிய கேபிள் டையை இறுக்கிக் கட்டிவிடுங்கள். ஷாக் எவ்வளவு சுருங்கியதோ அவ்வளவுக்கு அது தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். ஒவ்வொரு பயணத்திற்குப் பிறகும் குனிந்து அதைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. போன மாதம் மெர்சிங் வழியில், மழையில் அரித்த ஒரு குறுக்குக் கால்வாயைக் கவனிக்காமல் வேகமாக இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இடப்பக்கம் 12 மில்லிமீட்டர் மிச்சம், வலப்பக்கம் 14.