பிரசன்ட் பெர்ஃபெக்ட்: ஓர் இணையவழி ஆங்கில வகுப்பு

விதிகளை ஒப்புவிக்கச் சொல்லாமல், காலத்தைச் சுட்டும் சொற்களிலிருந்தே பிரசன்ட் பெர்ஃபெக்ட் (‘ஐ ஹேவ் சீன்’ போல ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ சேர்ந்து வரும் ஆங்கில வினைவடிவம்) பாடத்தைத் தொடங்குவது இந்த இணையவழி வகுப்பின் சிறப்பு. ‘எஸ்டர்டே’, ‘இன் 2019’ என முடிந்துபோன நேரம் வந்துவிட்டால் ‘ஐ ஹேவ் சீன்’ பொருந்தாது, ‘ஐ சா’ என்றே எழுத வேண்டும் என்பதையும், ‘சின்ஸ்’ தொடக்கப் புள்ளியையும் ‘ஃபார்’ கால அளவையும் குறிப்பதால் நம்மவர்கள் பலர் சொல்லும் ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ பிழை என்பதையும் ஆசிரியர் அலுவலக மின்னஞ்சல்களைக் கொண்டே விளக்குகிறார். ‘திஸ் மார்னிங்’ பகுதி எனக்கு மிகவும் பிடித்தது: காலைப் பொழுது முடியாதவரை ‘ஐ ஹேவ் கால்ட் ஹிம் திஸ் மார்னிங்’ சரி, மாலையில் சொல்வதானால் ‘ஐ கால்ட்’ என்று மாறிவிடும். ஆனால் ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’, ‘யெட்’ ஆகியவற்றுடன் அமெரிக்கர்கள் சாதாரண இறந்தகாலத்தையும் இயல்பாகப் பயன்படுத்துவதை எங்கும் குறிப்பிடாமல், தேர்வில் அதற்கு மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமாகப் படவில்லை.